ஆபாவுக்குப் பிரிக்க வராது

ஆம்பூரில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்தது. பின்பக்கம் போகப் போக அது இடுப்புயரத்துக்கு இறங்கி, கிணற்றடிக்கு வரும்போது இல்லாமலே போய்விடும். அந்த இல்லாத இடத்தின் வழியாகத்தான் ஆபா முதல் முறை எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்குக் கல்யாணமாகித் திமிரியிலிருந்து வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் முந்தானையை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

“நல்ல துணி. ரெண்டு வருஷம் கட்டிக்க. அப்புறம் எனக்குக் குடுத்துடு” என்றார்.

அதுதான் அறிமுகம்.

ஆபா என்றால் உருதுவில் அக்கா. தெருவில் அவரைவிட மூத்தவர்களும் அவரை ஆபா என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் என்னவென்று கேட்க வேண்டிய நாளில் கேட்காமல் விட்டுவிட்டேன். பிறகு கேட்க வெட்கமாகப் போய்விட்டது. வயது நாற்பதுக்கு மேல். இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டார். வீட்டுக்காரர் தோல் பதனிடுகிற ஷாப்பில் ஆவாரம்பட்டைத் தொட்டியில் வேலை பார்த்தார். நாள் முழுக்கத் தோலோடு நிற்கிற மனிதர், வீட்டுக்கு வந்த பிறகும் தொட்டியில் ஊறிக்கொண்டிருப்பது மாதிரி அமைதியாகவே இருப்பார்.

ஆபாவின் தொழில் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை தைப்பது. பழைய சேலை, வேட்டி, லுங்கி, எது கிடைத்தாலும் சதுரம் சதுரமாக வெட்டி இணைத்து, இரண்டு அடுக்குக்கு நடுவில் பஞ்சைப் பரப்பி, குறுக்கும் நெடுக்குமாகத் தையல் ஓட்டுவார். ஆம்பூர்க் குளிர் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். கார்த்திகை பிறந்து பாலாற்று மணலிலிருந்து பனி எழும்பித் தெருவுக்குள் வந்து நிற்கும்போது சிரிக்க மாட்டார்கள். அந்த இரண்டரை மாதமும் ஆபா வீட்டு முற்றத்தில் பஞ்சு பறக்கும். மூக்கில், முடியில், சில நாள் குழம்பிலும் பஞ்சு இருக்கும்.

காலையில் அவர் முற்றத்தில்தான் வெயில் விழும். ரஜாயை விரித்து அதன் மேலேயே உட்கார்ந்து தைக்க ஆரம்பிப்பார். வெயில் நகர நகர ரஜாயையும் இழுத்துக்கொண்டு நகர்வார். மத்தியானம் கிணற்றடி. மூன்று மணிக்கு எங்கள் முற்றம். இப்படித்தான் அவர் தினமும் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரர் ரயில் ஸ்டேஷனிலிருந்து வருகிற சத்தம் கேட்டதும் ஊசியைச் சேலைத் தோளில் குத்திக்கொண்டு ரஜாயைச் சுருட்டி அந்தப் பக்கம் போய்விடுவார். அந்த ஊசி எப்போதும் அங்கேயே இருந்ததால், பெருநாள் அன்று ஆபாவைக் கட்டிக்கொள்ள வந்த பெண்கள் எல்லாரும் முதலில் அவர் தோளைப் பார்த்துவிட்டுத்தான் கையை நீட்டினார்கள்.

வந்த முதல் குளிர்காலத்திலேயே நான் அவருடைய குணத்தைக் கண்டுகொண்டேன். வெள்ளைத் துண்டாகவே போய்க்கொண்டிருந்த ஒரு வரிசையில் பேச்சு சுவாரசியத்தில் ஒரு சிவப்புத் துண்டை வைத்துத் தைத்துவிட்டார். நான் சுட்டிக் காட்டினேன். ரஜாயைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். மூட்டையிலிருந்து இன்னும் நாலு சிவப்புத் துண்டை எடுத்து, அங்கொன்றும் இங்கொன்றுமாக வைத்தார். முடிந்தபோது வேண்டுமென்றே வைத்தது மாதிரி அழகாக இருந்தது.

“பிரிச்சிருக்கலாமே ஆபா” என்றேன்.

“பழந்துணிம்மா. பிரிச்சா ஊசி போன ஓட்டையெல்லாம் தெரியும். மேல போட்டு சரி பண்ணிக்கணும்” என்றார்.

துணிக்கு அது நியாயம்தான். ஆபா அதைத் துணியோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதுதான் தெருவுக்கு வந்த வேடிக்கை.

ஒரு பனிக்காலக் காலையில் கிச்சடியும் கட்டாவும் செய்தார். கட்டா என்பது எள்ளை வறுத்து அரைத்துப் புளியில் கரைத்துச் செய்கிற புளிப்புக் குழம்பு. கிச்சடிக்கு அதைப் போல ஒன்று கிடையாது. தையலை நடுவில் விட்டு வந்தவர் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டார். சரிதான் என்று புளியைக் கூட்டினார். புளிப்பு ஏறியது. எள்ளைக் கூட்டினார். கெட்டியானது. தண்ணீர் ஊற்றினார். சட்டி நிரம்பியது. என் பித்தளை அண்டாவை வாங்கிக்கொண்டு போனார். ஒன்பது மணிக்கு ருசி சரியாக வந்தபோது அண்டா நிறையக் கட்டா இருந்தது. இவ்வளவு கட்டாவுக்கு ஒரு வீட்டுக் கிச்சடி எப்படிப் போதும்? இன்னொரு பானை அரிசி ஏறியது. பிறகு எட்டு வீட்டுப் பெண்கள் வந்தார்கள். சாப்பாட்டுக்கு வந்த ஆபாவின் வீட்டுக்காரர் வாசலில் கூட்டத்தைப் பார்த்து நின்று, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்துபோய் விசாரித்தார். ஒன்றுமில்லை, உப்பு ஜாஸ்தி என்று சொன்னதும் தட்டை வாங்கிக்கொண்டு கிணற்றடியில் போய் உட்கார்ந்துவிட்டார். வருஷக்கணக்காகப் பழகியவர்.

பேச்சிலும் அப்படித்தான். எங்களுக்குப் பால் கொண்டுவந்த பால்காரம்மா நேர்மையானவள், கொஞ்சம் ரோஷக்காரி. ஒரு நாள் ஆபா அவளைப் பார்த்து, பாலில் தண்ணீர் கலக்கிறாய் என்று சொல்லிவிட்டார். மறுநாள் விடிந்ததும் மாட்டையே ஓட்டிக்கொண்டு வந்து, ஆபா வீட்டு வாசலில் கட்டி, தெருவே பார்க்கக் கறந்து கொடுத்தாள். ஆபா வாங்கி ருசி பார்த்தார். நேற்று வந்த அதே பால். எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“உன் மேல தப்பு இல்ல” என்றார் ஆபா. “மாடுதான் தண்ணி ஜாஸ்தி குடிக்குது.”

ஆபா அதோடு விடவில்லை. குளிரில் நிற்கிற மாடு தீவனம் எடுக்காமல் வெறும் தண்ணீரைத்தான் குடிக்கும், அதனால்தான் பால் தண்ணியாகத் தெரிகிறது என்று ஒரு சாத்திரமே சொன்னார். சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற வேண்டுமே, மூன்று நாள் உட்கார்ந்து கோணிச் சாக்கும் பழைய லுங்கியும் இணைத்து அந்த மாட்டுக்கு ஒரு ரஜாய் தைத்தார். மார்கழி முழுக்க அந்த மாடு நீலமும் பச்சையுமாகக் கட்டம் போட்ட போர்வையோடு ஆம்பூர்த் தெருக்களில் நடந்தது. பால்காரம்மா அதற்கப்புறம் எங்கள் தெருவுக்குத்தான் முதலில் வருவாள். அந்த மாட்டைப் பற்றி யாராவது கேட்டால் பெருமையாக நின்று சொல்லிவிட்டுத்தான் போவாள்.

இதற்கெல்லாம் சிரித்த நான் சிரிக்க முடியாமல் போனது இரண்டாவது குளிர்காலத்தில்.

என் வீட்டுக்காரர் ஸ்டேஷனில் பார்சல் பிரிவில் எழுத்தர். கறுப்புக் கோட்டு, பித்தளைப் பொத்தான். மதராஸிலிருந்து ஒரு வெள்ளைக்கார அதிகாரி பார்வையிட வரப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். முந்தின தடவை தொப்பி இல்லாமல் நின்ற ஒருவரை, தண்டவாளத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத ஓர் ஊருக்கு மாற்றிவிட்டதாகப் பேச்சு. அதனால் ஸ்டேஷன் முழுக்க ஒரே நடுக்கம். அதிகாரி வருவதற்கு இரண்டு நாள் முன்னால் காலையில் என் வீட்டுக்காரர், கோட்டை எடுத்து வெயிலில் போட்டு வை என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

பெட்டியில் கோட்டு இல்லை. கொடியில் இல்லை. வண்ணான் வெளுத்துக் கொண்டுவந்த கோட்டைத் தூசு படாமல் இருக்க ஒரு பழைய வேட்டிக்குள் சுற்றி வைத்தது ஞாபகம் வந்தது. எங்களுக்கு ஒரு ரஜாய் தைக்கச் சொல்லி ஆபாவிடம் பழந்துணி மூட்டை கொடுத்தபோது அந்த வேட்டியையும் சேர்த்துக் கொடுத்ததும் ஞாபகம் வந்தது.

சுவர் இல்லாத இடத்தைத் தாண்டிப் போனேன். ஆபா வெயிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் எங்கள் ரஜாய். அதில் ஏழு கறுப்புச் சதுரங்கள். பக்கத்தில் இன்னும் சில சதுரங்கள் அடுக்கிக் கிடந்தன. ஒரு கிண்ணத்தில் பித்தளைப் பொத்தான்கள்.

“ரொம்ப நல்ல துணி. எங்க கெடச்சுது உனக்கு?” என்றார்.

நான் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். பிரித்து ஒன்றாகச் சேர்த்துவிட முடியாதா என்று கேட்டேன். ஆபா சதுரங்களைப் பார்த்தார், கத்தரிக்கோலைப் பார்த்தார். பிரித்தாலும் இனி அது கோட்டாகாது என்று அவர் சொன்னபோது, அந்த ஒரு தடவை அவர் சொன்னது உண்மை என்று எனக்கே தெரிந்தது.

எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் அவருடைய கறுப்பு புர்கா இருந்தது. நான் தடுப்பதற்குள் அதை விரித்து, கத்தரிக்கோலை எடுத்துவிட்டார்.

“வேணாம் ஆபா. அப்புறம் வெளிய எப்படிப் போவீங்க?”

“குளிர் காலத்துல நான் எங்க போறேன்? தலைக்கு மேல வேலை கெடக்குது. அவருக்குத் தோள் அகலம் இன்னா, அதைச் சொல்லு.”

அந்த வாரம் அவர் பேரணாம்பட்டில் இருந்த இளைய மகளைப் பார்க்கப் போவதாக இருந்தார். மகளுக்கு ஏழாம் மாதம். அதை நானும் நினைவுபடுத்தவில்லை, அவரும் சொல்லவில்லை. பொங்கல் கழிந்து புதுத் துணி கிடைக்கிற வரைக்கும் அவர் வாசற்படி தாண்டவில்லை.

அளவு எடுப்பது என் பொறுப்பு. என் வீட்டுக்காரர் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் போய் ஒரு நூலைத் தோளுக்குத் தோள் பிடித்தேன். என்ன செய்கிறாய் என்றார். சிலந்தி நூல் என்றேன். கை நீளத்துக்கு இன்னொரு தடவை பிடித்தபோது, நம் வீட்டில் சிலந்தி ஜாஸ்தி ஆகிவிட்டது என்று கவலைப்பட்டார்.

ஆபா வாழ்நாளில் கோட்டு தைத்ததில்லை. புர்காத் துணியோ மெல்லியது, கோட்டு மாதிரி விறைப்பாக நிற்காது. அதற்கு அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். இரண்டு அடுக்காக்கி நடுவில் பஞ்சு வைத்தார். பஞ்சு வைத்தால் தையல் ஓட்ட வேண்டும். மார்பிலும் முதுகிலும் கைகளிலும் கட்டம் கட்டமாகத் தையல் ஓடியது. முதுகில் வலது தோளுக்குக் கீழே ஒரு பூவும் வந்துவிட்டது. கை தானாகப் போட்டுவிட்டதாம். அதிகாரி முன்பக்கம்தானே பார்ப்பார் என்றார். கடைசியில் அந்தப் பித்தளைப் பொத்தான்களைத் தைத்தார். அது ஒன்றுதான் அசல்.

பார்வையிடும் நாள் விடிந்தது. என் வீட்டுக்காரர் குளித்துவிட்டு வந்து ஆணியில் மாட்டியிருந்த கோட்டைப் பார்த்தார். கொஞ்சம் பின்வாங்கினார்.

“இது யாரு?” என்றார்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுகிற மனிதர் இல்லை அவர். கோபம் எப்படிப் படுவது என்று தெரியாமல் வாசலுக்கும் உள்ளுக்கும் இரண்டு தடவை நடந்தார். நேரமாகிவிட்டது. கோட்டைப் போட்டுக்கொண்டார். கைகள் இரண்டும் கீழே இறங்கவில்லை. நனைந்த சிறகை உலர்த்துகிற காக்கை மாதிரி கையை விரித்தபடியே தெருவில் நடந்து பனிக்குள் போனார்.

அங்கே நடந்ததை அவர் வாயால் சொல்ல இரண்டு வருஷம் ஆனது. அதிகாரியின் வண்டி ஒன்றரை மணி நேரம் தாமதம். பிளாட்பாரத்தில் வரிசையாக நின்றவர்களுக்குப் பல் அடித்துக்கொண்டது. இவருக்கு மட்டும் நெற்றியில் வேர்வை. வண்டி வந்தது. அதிகாரி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்து இவர் முன்னால் நின்றார். மேலிருந்து கீழே பார்த்தார். வீங்கிய உடம்பு, கீழே இறங்காத கை, குளிரில் வேர்வை. இங்கிலீஷில் ஏதோ கேட்டார். பயத்தில் இவருக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. எஸ் சார் என்றார். நெஞ்சு நோயா என்றுதான் கேட்டாராம், அது பிறகுதான் இவருக்குத் தெரிந்தது. அதிகாரி இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, இந்த ஆளுக்கு மூன்று நாள் லீவு கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள் என்று ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லிவிட்டுப் போனார். நிஜமாகவே இருமிக்கொண்டிருந்த மூன்று பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மூன்று நாளும் வீட்டில் இருந்தார். என்னோடு பேசவில்லை. எனக்கு அது முதல் அனுபவம். எப்படிச் சரி செய்வதென்று தெரியாமல் பாத்திரத்தைத் தேய்த்ததையே தேய்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஸ்டேஷன் ஆட்கள் சொன்ன லீவு விவரம் சுவரைத் தாண்டி ஆபாவுக்குப் போனதும், இஞ்சியும் மிளகும் தட்டிப் போட்ட ஆட்டுக்கால் சூப் ஒரு சொம்பு நிறைய வந்தது. அவருக்கு ஒரு நோயும் இல்லையே ஆபா என்றேன்.

“நெஞ்சு சரியில்லன்னு துரையே சொல்லிட்டாரு. அப்புறம் இன்னா? குடிக்கச் சொல்லு” என்றார்.

இரண்டு வேளையும் சூப் வந்தது. முதல் நாள் முறைத்துக்கொண்டு குடித்தார். இரண்டாம் நாள் நான் கொண்டுவருவதற்கு முன்பே சொம்பைத் தேடினார். மூன்றாம் நாள் சாயங்காலம் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“உங்க ஆபாகிட்ட சொல்லு. கை ரெண்டும் கொஞ்சம் கீழ எறங்குற மாதிரி பண்ண முடியுமான்னு.”

ஆபா அக்குளில் பக்கத்துக்கொரு துண்டு வைத்துத் தைத்துக் கொடுத்தார். அந்தக் கோட்டைத்தான் என் வீட்டுக்காரர் மூன்று குளிர்காலம் போட்டார். ஸ்டேஷனில் அவருக்கு ரஜாய் பாபு என்று பெயர். பழைய கோட்டோ சதுரம் சதுரமாக எங்கள் போர்வையில் இருந்தது. படுக்கும்போது அதில் தன் பங்கு எந்தப் பக்கம் என்று பார்த்து இழுத்துக்கொள்வார்.

பிறகு ஜோலார்பேட்டைக்கு மாற்றல் வந்தது. புறப்படுகிற அன்று ஆபா, புதுப் புர்காவில், வீட்டுக்காரரோடு ஸ்டேஷனுக்கு வந்தார். பெரிய தூக்கு ஒன்றில் சாப்பாடு. பெண்கள் பெட்டியில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. என் வீட்டுக்காரர் பின்னால் வேறு பெட்டியில் ஏறியிருந்தார். தூக்கைத் தானே உள்ளே வைக்க வேண்டும் என்று ஆபா செருப்பைப் பிளாட்பாரத்தில் கழற்றிவிட்டு, ஒரு வீட்டுக்குள் நுழைவது மாதிரி வண்டிக்குள் ஏறினார்.

எதிரில் சேலத்துக்குப் போகிற ஒரு பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். குழந்தையைச் சுற்றியிருந்த சின்ன மெத்தைப் போர்வையின் ஓரத்தில் தையல் விட்டுப் பஞ்சு வெளியே வந்திருந்தது. அதை ஆபா பார்த்துவிட்டார். இது யார் தைத்தது என்று கேட்டு, அவள் பதில் சொல்வதற்குள் பக்கத்தில் உட்கார்ந்து தையல் போட ஆரம்பித்துவிட்டார். மணி அடித்தது. கார்டு ஊதினார். இறங்குங்க ஆபா என்று நான் சொன்னேன். இதோ, நாலு தையல் என்றார். நாலாவது தையலில் வண்டி நகர்ந்துவிட்டது.

அவருடைய வீட்டுக்காரர் செருப்பு இரண்டையும் கையில் தூக்கிக்கொண்டு ஜன்னலோடு கூடவே நடந்து வந்தார். ஆபா செருப்பைப் பார்த்தார். பிளாட்பாரம் முடியப் போவதையும் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக நிதானமாகச் சொன்னார்.

“வாணியம்பாடில என் தங்கச்சி வீடு இருக்குது. ரொம்ப நாளா போகணும்னு இருந்தேன். சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போங்க.”

வண்டி வேகமெடுத்தது. செருப்போடு அவர் நின்றுவிட்டார்.

ஆபா அவர் அப்பா அம்மாவுக்கு ஒரே பெண். அண்ணன் தம்பி, அக்கா தங்கை யாரும் கிடையாது. அதை எத்தனையோ தடவை அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

“உங்களுக்கு ஏது ஆபா தங்கச்சி?” என்று காதோடு கேட்டேன்.

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “இருப்பா” என்றார்.

வாணியம்பாடி வரும் வரைக்கும் அந்தப் போர்வையின் நாலு ஓரத்தையும் தைத்து முடித்து, தூக்கைத் திறந்து வண்டியில் இருந்தவர்களுக்கெல்லாம் பரிமாறினார். வாணியம்பாடியில் என் வீட்டுக்காரர் இறங்கி ஓடி வந்து, டிக்கெட் இல்லாத ஆபாவுக்காக, வாசலில் டிக்கெட் கேட்கிறவரிடம் கெஞ்சி ஏதோ சொல்லி வழி பண்ணினார். ஆபா வெறுங்காலோடு இறங்கினார். என் கன்னத்தை ஒரு தடவை தடவினார். அழுவாரென்று நினைத்தேன், நான்தான் அழுதேன். ஒவ்வொரு அடியும் தெரிந்த வழியில் வைப்பது மாதிரி வாசலைத் தாண்டி ஊருக்குள் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் வழி தெரியாதது எனக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தாரோ என்னவோ.

அதற்கப்புறம் நடந்ததை ரயிலில் வேலை பார்க்கிறவர்கள் மூலம் துண்டு துண்டாகக் கேட்டோம். சாயங்கால வண்டியில் அவர் வீட்டுக்காரர் செருப்போடு வந்து இறங்கினார். ஆம்பூரிலிருந்து வந்த ரஜாய்க்கார அம்மாவைப் பார்த்தீர்களா என்று ஸ்டேஷன் பக்கத்துத் தெருவில் கேட்டார். ஒரு வீட்டைக் காட்டினார்கள். முற்றம் முழுக்கப் பஞ்சு. நடுவில் ஆபா. அந்த வீட்டுக்காரி அவருக்கு நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆபாவின் வீட்டுக்காரரும் உட்கார்ந்து சாப்பிட்டாராம். மறுநாள்தான் இருவரும் ஊர் திரும்பினார்கள்.

அடுத்த வருஷம் மார்கழியில் ஒரு காலை, ஜோலார்பேட்டையில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி ஒரு பெண் நின்றாள். முப்பது வயது இருக்கும். புர்காவுக்கு வெளியே நீண்ட கையில் ஒரு துணிப் பொதி. நான் அவளைப் பார்த்ததே இல்லை. ஆம்பூரில் இருந்த பார்சல் பாபு வீடு இதுதானா என்று கேட்டாள். ஆமாம், நீங்கள் யார் என்றேன்.

“நான் வாணியம்பாடி, ஸ்டேஷன் பக்கத்துத் தெரு. ஆபாவோட தங்கச்சி. ஆபா எங்க வீட்டுக்கு வந்திருக்காங்க. உங்களக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாங்க.”

அவள் முகத்தை நன்றாகப் பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் கேட்டேன்.

“கூடப் பொறந்த தங்கச்சியா?”

“ஆமா” என்றாள் அவள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். “எங்க அம்மாவுக்கு அவங்க மூத்தவங்க. நான் கடேசி.”